இருக்கார்

அந்த ஆள் இந்த வருஷமும் அமைப்பின் ஆண்டு விழாவுக்கு வந்துவிட்டார். கதவோரக் கடைசி நாற்காலி, கண்ணை மறைக்கிற ஓலைத் தொப்பி, மடியில் பிய்க்காமல் வைத்திருக்கிற ஒரு சிப்பா ரொட்டி.

"ரோமக்கால் வந்தாச்சு அக்கா," என்றான் வக்கீல் டெர்லிஸ். சர்வாதிகாரி காலத்தில் உளவு சொன்னவர்களுக்குத் தலைநகர் அசுன்சியோன் ஜனங்கள் வைத்த பெயர் அது. பாதத்தில் ரோமம் முளைத்தவன் நடந்தால் சத்தம் கேட்காதாம்.

"வயசானவர். உட்கார்ந்துட்டுப் போகட்டும் விடு," என்றாள் நிமியா.

"வருஷா வருஷம் இதையே சொல்றீங்க. உங்க தம்பியைக் காட்டிக் கொடுத்தவனே அவனா இருந்தா?"

நிமியா குளிர்ந்த தெரெரே பானக் கிண்ணத்தை அவன் கையில் திணித்தாள். அவள் சிரிலோவின் அக்கா. அதனாலேயே அமைப்பில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அக்கா.

சிரிலோ ஓவெலார் அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட பையன். போலீஸின் சிவப்பு வேனில் அவன் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு, இறங்கியதைப் பார்த்தவர்கள் இல்லை. நிமியா அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள்.

மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு பெயர். ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ரோமக்காலுக்கு அது ஜெபம், உள்ளே இருந்தவர்களுக்குக் காணாமல் போனவர்களின் கணக்கு. 'ஆமென்' வரவேண்டிய இடத்தில் 'இருக்கார்' என்று முணுமுணுத்தார்கள்.

அந்த முணுமுணுப்புதான் வளர்ந்து, இன்று நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் மனித உரிமை அமைப்பு. போனவர்களின் எலும்பையாவது தேடி வீட்டில் சேர்ப்பது அதன் வேலை. ஆண்டு விழாவில் இன்றும் முதலில் கூப்பிடுவது சிரிலோவின் பெயரைத்தான்.

இந்த வருஷம் விஷயம் கோர்ட்டுக்குப் போயிருந்தது. பழைய போலீஸ் முகாமின் பின்பக்கத்தைத் தோண்ட அனுமதி கேட்டு வழக்கு. "செத்தவங்க எல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினாவுல மாட்டுக்கறி தின்னுட்டு சுகமா இருக்காங்க," என்று ஒரு செனட்டர் ரேடியோவில் நக்கலடித்திருந்தார். "ஒருத்தன் உயிரோட கிடைச்சாலும் போதும், இவங்க சொல்றது மொத்தமும் பொய்."

திங்கட்கிழமை தீர்ப்பு. நீதிபதியே முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் சத்துர்னினா. புருஷன் எலும்பைச் சுற்றுவதற்காகத் துவைத்துக் கஞ்சி போட்ட வெள்ளைத் துணியை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தாள்.

நிமியா மைக்கைப் பிடித்தாள். "சிரிலோ ஓவெலார்."

"இருக்கார்," என்றது கூட்டம்.

தொப்பிக்காரர் வாயை இறுக்கிக்கொண்டிருந்தார். மற்ற எல்லாப் பெயருக்கும் கூட்டத்தோடு சேர்ந்து சொல்கிறவர், இந்த ஒரு பெயருக்கு மட்டும் வருஷா வருஷம் ஊமையாகிவிடுவார். டெர்லிஸ் அதைத்தான் கவனித்து வைத்திருந்தான்.

ஆனால் இந்த முறை அவர் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

நிமியா மூச்சுவிடாமல் அடுத்த பெயருக்குத் தாவினாள். அதற்கடுத்த பெயருக்கும். கூட்டத்தின் சத்தத்தில் அவர் குரல் அமுங்கிப் போயிற்று. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவர் வெளியே நடந்தார்.

டெர்லிஸ் மாமரத்தடியில் அவர் சட்டைக் காலரைப் பிடித்தான். "சிரிலோ பேரைக் கேட்டா மட்டும் ஏன்யா உனக்கு நாக்கு ஒட்டிக்குது? யாருய்யா நீ?"

"அடி தாங்காம நாலு பேரைக் காட்டிக் கொடுத்தவன்," என்றார் அவர். "உள்ளே துணியை மடிச்சுட்டு இருக்காளே, அவ புருஷனும் அதுல ஒருத்தன்."

டெர்லிஸ் காலரை விட்டான். "சிரிலோவையும் நீதானே?"

"அதை ஜட்ஜ்கிட்டதான் சொல்வேன். அதுக்குத்தான் வந்தேன்."

டெர்லிஸ் உள்ளே ஓடினான். மைக்கை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு நிமியாவும் வாசலுக்குத்தான் வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு. காட்டிக் கொடுத்தேன்னு அவனே ஒத்துக்கறான். ஜட்ஜ் முன்னாடி நிறுத்திட்டா திங்கட்கிழமை கடப்பாரையோட போகலாம்."

நிமியாவின் முகம் வெளுத்தது. "நீ உள்ளேயே இரு. யாரையும் வெளியே விடாதே."

"விளையாடறீங்களா? இப்படி ஒரு சாட்சி நமக்கு..."

"இருன்னு சொன்னேன்ல."

இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் குரல் உயர்த்தியதில்லை. டெர்லிஸ் வாசலிலேயே நின்றுவிட்டான்.

மாமரத்தடியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே ஒவ்வொரு பெயராகப் போய்க்கொண்டிருந்தது.

"இனிமே முடியலை அக்கா," என்றார். "அவ அந்தத் துணியை மடிக்கிறதைப் பார்க்க முடியலை. உள்ளே போய்ச் சொல்லிடறேன். அப்புறம் என்னை என்ன வேணா பண்ணட்டும்."

நிமியாவுக்கு அவர்மேல் பரிதாபம் இருந்தது, கோபம் இருந்தது, எல்லாவற்றையும்விடப் பயம் இருந்தது. கிட்டே போய் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"நீ உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சா, சிரிலோ, அவங்க யாருமே சாகலைன்னு ஆயிடும்."