குயிலியின் நாற்காலி

இருபத்தோரு வருடமாக அந்தப் பள்ளியில் ஓவியம் சொல்லித்தருபவர் தனக்கோடி சார். அவர் கரும்பலகையில் வரையும் கோழியையும் மாம்பழத்தையும் பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். இந்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்கு ஓவியம் சொல்லித்தர வந்த மெர்லின் டீச்சர் எதையும் வரைந்து காட்டவில்லை. "இங்க இல்லாத ஒண்ண வரைய முடியுமா?" என்று மட்டும் கேட்டார். மணி அடித்தும் ஒரு பிள்ளைகூட எழுந்து போகவில்லை. தன் வகுப்பில் அப்படி நடந்ததாகத் தனக்கோடிக்கு நினைவில்லை.

மாலையில் ஆளில்லாத வகுப்பில் அந்தத் தாள்களைப் புரட்டினார். குயிலி என்ற சிறுமி ஒரு காலி நாற்காலியை வரைந்திருந்தாள். கால்கள் கோணல்தான். ஆனால் யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் இருந்தது. இப்படி ஒன்று தனக்கு ஒருநாளும் வந்ததில்லை என்று தோன்றியதும் அவருக்கு வயிறு எரிந்தது. ரப்பரை எடுத்து அழித்து, நான்கு கால்களையும் ஸ்கேல் வைத்து நேராக்கினார்.

மறுநாள் தாளை வாங்கிப் பார்த்த குயிலி, "இது என் படம் இல்ல டீச்சர்," என்று அழுதாள்.

மெர்லின் தாளை உயர்த்திக் காட்டினார். "அப்போ இது யாரோட படம்? குயிலியோடதா, நாற்காலியோட கால மாத்துனவங்களோடதா?"

"குயிலியோடதுதான்!"

"இல்ல, ரெண்டு பேரோடதும்!"

வகுப்பே இரைந்தது. கடைசியில் ஒரு சிறுமி சொன்னாள்: "ஏன் மாத்துனாங்கன்னு அவங்களக் கேட்டாத்தான டீச்சர் தெரியும்?"

வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தனக்கோடி உள்ளே வந்தார். குயிலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பதில் சொல்ல வரும் பிள்ளைபோல் கையைத் தூக்கினார்.