தட்டும் வரை

கடலை மண்டிக்கு மேல்மாடியில் இருக்கும் ஸ்நூக்கர் கூடத்தில், மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலையும் இழுத்துக்கொண்டு பச்சைத் துணிமேல் விழுந்து கிடக்கிறது. வெளியே ராஜகிரிக் கோட்டைப் பாறை வெளுத்து நிற்கிறது. கீழே வல்லம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. குந்துநாதன் மேசைமேல் குனிந்து, மோவாய் பந்தடிக்கும் குச்சியில் உரச, மூச்சை அடக்குகிறான். அடித்த கையோடு தலையைத் தூக்கிவிடுவது அவனுடைய பழைய குறை. அதை ஒழிக்க, கூட ஆடிய சிவசங்கர்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். “நான் குச்சியால தரைய தட்டுற வரைக்கும் நீ நிமிரக் கூடாது, இன்னா?” பந்து போய்ச் சேர்ந்த பிறகே தட்டுவான். அவன் வேலை கிடைத்து ஓசூருக்குப் போய் மூன்று மாதமாகிறது. அவனுடைய குச்சி சுவரில் சாய்ந்தபடி இருக்கிறது, நுனியில் நீலச் சாக்பீஸ் தூள் இன்னும் ஒட்டியிருக்கிறது. குந்துநாதன் அடிக்கிறான். சிவப்புப் பந்து நேராக ஓடி மூலைக் குழிக்குள் விழுகிறது. இவ்வளவு சுத்தமாக அவன் அடித்ததே இல்லை. தலை இம்மியும் அசையவில்லை. மின்விசிறி மட்டும் கடகடக்கிறது. அவன் குனிந்தே இருக்கிறான். கூடத்துக்காரர் தங்கராஜ் செல்போனிலிருந்து கண்ணை எடுத்துப் பார்க்கிறார். “பந்து எப்பவோ வுழுந்துடுச்சு, நிமிருப்பா.”