அத்தான் ஓடினார்

“அத்தானுக்கு எங்களோடை நடக்க வெக்கம் போலை,” என்றான் பென்ஜமின்.

மதில் சூழ்ந்த அந்தப் பழைய ஜெர்மன் நகரத்துக்குள் காலையில் நுழைந்ததில் இருந்து அத்தான் அலோசியஸ் தள்ளித்தான் நடந்தார். இவர்கள் தெருவின் இந்தப் பக்கம் என்றால் அவர் அந்தப் பக்கம். கோட்டும் கழுத்தில் ரையும் வேறு. ஆகஸ்ட் வெயிலில்!

“ஜெர்மன் பாஸ்போட் கிடைச்ச நாளிலையிருந்து ஆள் இப்பிடித்தான்,” என்றாள் அக்கா ஞானமலர். “எனக்குப் பக்கத்திலை படுக்கிறாரோ இல்லையோ, பாஸ்போட்டுக்குப் பக்கத்திலை படுப்பார்.”

பென்ஜமின் சிரித்தான். கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

அவன் அகதி முகாம்காரன். முகாம் இருக்கிற மாவட்டத்தைத் தாண்ட அனுமதிக் கடுதாசி வேண்டும். அவனிடம் இல்லை. முந்தி ஒருதரம் பிடிபட்டு எச்சரித்து விட்டிருந்தார்கள். இன்னொருதரம் என்றால் மறியல்; கம்பி எண்ண வேண்டியதுதான். அகதி வழக்கும் அதோடு கவிழும். ஒரு நாளாவது மனிசரைப் போலச் சுற்றலாமே என்று அக்கா கூப்பிட, வந்துவிட்டான்.

காரில் ஏறும்போதே அத்தான் ஏசினார். “கடுதாசி இல்லாமல் வெளிக்கிட்டு நிக்கிறாய். விசரே உனக்கு?”

அதோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு கடையில் ஆகஸ்டிலும் டிசம்பர் நத்தாருக்கான மரம் விற்றார்கள். இன்னோரிடத்தில், அந்தக் காலத்துச் சித்திரவதைக் கருவிகளைப் பார்க்க ரிக்கற் வாங்கி வரிசையில் நின்றது சனம்.

“இதுக்கும் காசோ? எங்களுக்கு ஆமிக்காரன் சும்மா காட்டினவன்,” என்றான் பென்ஜமின்.

மதில்மேல் ஏறி நடந்தபோது கேட்டான். “இவ்வளவு பெரிய மதிலை ஆர் உள்ளுக்கு வராமல் இருக்கக் கட்டினவங்கள் அக்கா?”

“உன்னை மாதிரி ஆக்களுக்குத்தான்.”

சாயந்தரம் வெளியே போக வந்தால், கோட்டை வாசலில் இரண்டு பொலிஸ். வெள்ளைத் தோல்களை விட்டுவிட்டு ஒரு ஆபிரிக்கனிடம் கடுதாசி கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவனை அனுப்பிவிட்டு நிமிர்ந்த ஒருவனின் கண், நேரே பென்ஜமினில் விழுந்தது.

திரும்பினாலும் பிழை. நடந்தாலும் பிழை.

அந்த நேரம் பார்த்து அத்தான் ஓடினார்!

கோட்டுப் பறக்க, ரை தோளில் ஏற, பொலிசைத் தாண்டி ஓடிப் பக்கத்துச் சந்து ஒழுங்கைக்குள் விழுந்தார். “நில்!” என்று கத்திக்கொண்டு இரண்டு பொலிசும் பின்னாலே.

“பாத்தியே! மனிசியை நடுத்தெருவிலை விட்டிட்டு ஓடுது!” அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

இருவரும் வாசலைக் கடந்து காரடிக்கு வந்துதான் மூச்சு விட்டார்கள். பிறகு வயிறு நோகச் சிரித்தார்கள். பாஸ்போட் உள்ளவர் ஓட, இல்லாதவன் நடந்து வந்திருக்கிறான்!

கனநேரம் கழித்து அலோசியஸ் நொண்டி நொண்டி வந்தார். காற்சட்டை முழங்காலில் கிழிந்திருந்தது.

“பிடிச்சவங்களோ?” என்றாள் அக்கா.

“ஓம். பாஸ்போட்டைப் பாத்திட்டு, எல்லாம் சரியாக் கிடக்கு, பிறகேன் ஓடினனீ எண்டாங்கள். வயித்தாலை போகுது, கக்கூஸ் தேடினனான் எண்டன்.”

“சீ! வேறை என்ன கேட்டவங்கள்?”

“ஆரோடை வந்தனீ எண்டாங்கள். தனிய எண்டன். காலமையிலையிருந்து அப்பிடித்தானே நடந்தனான்.”

அக்காவின் சிரிப்பு நின்றது. “அப்ப... தெரிஞ்சுதான் ஓடினனீங்களோ?”

அலோசியஸ் காரைத் திறந்தார்.

“நான் ஓடாட்டில் இவன் எப்பிடி நடக்கிறது?”