கணக்கு மூடப்படும்

மரவள்ளிக் காட்டுக் காற்று சன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. கிருத்திகா வானத்தைப் பார்த்தபடி தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சாமி, நாளைக்கு நம்ம கணக்கை மூடிருவாங்களாம். கீழ இருக்கற லிங்க்கை அமுக்கோணும்னு மெயில் வந்திருக்குது," என்று போனை நீட்டினார் அப்பா சின்னுசாமி.

வங்கியில் வேலை பார்க்கும் கிருத்திகா, எருமப்பட்டிப் பக்கம் ஊர் ஊராகப் போய் மோசடி மெயில்களைப் பற்றிப் பேசுகிறவள். போனை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏமாத்து வேலைங்கப்பா. இப்படி மிரட்டி அவசரப்படுத்துனாலே திருட்டு மெயில்தான். அழிச்சுப்போடுங்க."

"லிங்க்கைத் தொடாம, நேரா நம்ம கணக்குக்குள்ள போயி நெசமான்னு பாக்கோணும்னு ஊருக்கெல்லாம் சொல்லுவியே சாமி?"

"இதுக்கு அதெல்லாம் வேண்டாங்கப்பா."

அவள் மறுபடி வானத்துக்குப் போய்விட்டாள். வெள்ளை மேகம் ஒன்று மெல்ல மிதந்து போனது.

"நான் போயிப் பாத்துட்டேன். மெயில் நெசந்தான். பணம் கட்டாட்டி நாளைக்கு மூடிருவாங்க."

மேகம் அப்படியே நின்றுவிட்டது போலிருந்தது அவளுக்கு.

"உனக்கு மாப்பிள்ளை பாக்க நான் வெச்சிருக்கற மேட்ரிமோனி கணக்கு. அது மூடுனா உனக்குச் சந்தோசம்போல இருக்குது."

கிருத்திகா திரும்பவேயில்லை. சின்னுசாமி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து, அவள் பார்த்த வானத்தையே அவரும் பார்த்தார்.

"பையனுக்கு எந்த ஊரு சாமி?"