கிராணி வீட்டு வராந்தா

"நம்ம வீட்டுக்கு முன்னால மர வராந்தா கட்டப்போறேன். செலவு முழுக்க வெள்ளைக்காரத் துரையோடது!" என்று அறிவித்தார் மலாயாத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி நாகலிங்கம்.

அவர் மனைவி மங்களம் சிரித்த சிரிப்பில் அடுப்பே அணைந்துபோனது. "ஆணியக்கூட எண்ணிக் குடுக்கிற மனுஷன் உங்களுக்கு வராந்தா கட்டுவாரா? ஞாயித்துக்கிழமை ஜாசின்லேருந்து நம்ம பொண்ணப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. அவங்கள எங்க உக்கார வைக்கிறதுன்னு பாருங்க!"

"அவங்களுக்காகத்தானே இந்த வராந்தா!"

கிராணி படம் வரைந்தார், செலவுக் கணக்குப் போட்டார், துரையின் பங்களாவுக்குப் போனார். அங்கே என்ன சொன்னாரோ, மறுநாளே மர லாரி வந்து நின்றது. அவர் கேட்டதைப் போல் இரண்டு மடங்கு தூண்கள்; ஒவ்வொன்றிலும் யானையைக் கட்டலாம். இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்றாள் மங்களம்.

சனிக்கிழமை வராந்தா எழும்பி முடிந்ததும் இன்னொரு லாரி வந்தது. நாற்காலிகள் என்று நினைத்து ஓடினாள். இறங்கியவை மணல் மூட்டைகள். பின்னாலேயே துப்பாக்கியோடு காவலர்கள்.

"துரைகிட்ட என்னதாங்க சொன்னீங்க?"

"வராந்தான்னா குடுப்பாரா? கொம்னிஸ்டுகாரன் வந்தா சுடறதுக்குக் காவல் கொட்டாய்னு சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை காவலர்கள் மாப்பிள்ளை வீட்டாரைக் கைதூக்க வைத்து, பூத்தட்டைக் கிளறிப் பார்த்து, பின்வாசலுக்கு அனுப்பினார்கள். சம்பந்தம் போச்சு என்று மங்களத்துக்கு உயிரே போய்விட்டது. அடுப்படியில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் அப்பாவோ பூரித்துப்போனார். "வாசல்ல பட்டாளமே நிக்குது! இப்படி ஒரு சம்பந்தத்த விடுவேனா?"

தட்டு மாற்றியதும் மங்களம் கணவரிடம் கிசுகிசுத்தாள்: "ஒத்துக்கிறேங்க. துரை கட்டித்தான் குடுத்தாரு. நம்மளதான் அதுல உக்கார விடமாட்டேங்கிறாங்க லா!"