கறுப்பு அட்டை

“மாலை நல்லதுக்கா, கெட்டதுக்காண்ணே?” என்று பூக்காரம்மா தங்கதுரையிடம் கேட்டாள்.

“கெட்டதுக்குத்தாம்மா. நல்லா நெருக்கமா கட்டினதா குடு. எங்க சம்மந்தி பூட்டாரு.” சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அந்த மனுஷனை அவர் வாய் சம்மந்தி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

சின்னசேலம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே மறுபடியும் செல்போனை எடுத்துப் பார்த்தார். மகள் எழில்மதியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். கறுப்பு அட்டை, நடுவில் சின்னக்கண்ணுவின் போட்டோ, சுற்றிலும் மஞ்சள் பூ, கீழே அவர் பேரும் இன்றைய தேதியும். போன வாரம்கூடக் கள்ளக்குறிச்சி சந்தையில் அவரைத் தூரத்தில் பார்த்துவிட்டு இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். கல்லு மாதிரி இருந்தாரே அந்த மனுஷன்!

இரண்டு பேரும் ஒன்றாக மக்காச்சோள வியாபாரம் பார்த்த சிநேகிதர்கள். சின்னக்கண்ணுவின் மகனைத்தான் கட்டுவேன் என்று எழில்மதி நின்றபோது, நண்பனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சின்னக்கண்ணு கோயிலில் வைத்துத் தாலி கட்ட வைத்துவிட்டார். வந்ததே கோபம் தங்கதுரைக்கு! “அவன் செத்தாக்கூட அவன் வூட்டுப் படி ஏற மாட்டன்” என்று ஊரைக் கூட்டிச் சத்தம் போட்டார். அன்றோடு மகளிடமும் பேச்சு நின்றுபோயிற்று.

பேச்சுதான் நின்றதே தவிர, அவள் ஸ்டேட்டஸைப் பார்க்காத நாள் கிடையாது. பேத்திக்குப் பல் முளைத்ததையே அதில்தான் பார்த்தார். வறட்டுக் கௌரவம் பிடித்த மனுஷன், வேறென்ன செய்வார்?

பஸ் ஏறியதும் மகளுக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பாவம், சாவு வீட்டில் எங்கே எடுப்பாள் என்று விட்டுவிட்டார்.

எழில்மதிக்குச் சின்ன வயதிலிருந்தே கையால் வாழ்த்து அட்டை செய்யும் பைத்தியம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, சாயத்தில் தொட்டு ஒற்றிப் பூ பூக்க வைப்பாள். அரச இலையில் பெயிண்ட் தடவி அழுத்தினால் நரம்போடு இலை விழும். பழைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து தங்கக் கரையை வெட்டி ஓரத்தில் ஒட்டிவிடுவாள்.

கல்யாணத்துக்குப் பிறகும் பொங்கல், தீபாவளி தவறாமல் அப்பாவுக்கு அட்டை வந்துவிடும். “தூக்கிக் குப்பைல போடு” என்பார் மனைவியிடம். அமிர்தம் அதைக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைப்பாள். அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து இவர் எடுத்துத் தடவித் தடவிப் பார்ப்பார்.

ஆனால் கறுப்பை மட்டும் எழில்மதி தொட மாட்டாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை கறுப்பு அட்டையில் பொங்கல் வாழ்த்து செய்தாள். “நல்லதுக்குக் கறுப்பு ஆவாதுடி. பாக்கறவங்க யாரோ பூட்டாங்கன்னு நெனச்சிக்குவாங்க” என்று சொல்லிக் கொடுத்தவரே இவர்தான். அப்படிப்பட்டவள் கறுப்பை எடுத்திருக்கிறாள் என்றால், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

“பாவி, உசுரோட இருக்கும்போது ஒரு வார்த்த பேசாம பூட்டனே” என்று தன்னையே திட்டிக்கொண்டு எலவனாசூர்கோட்டையில் இறங்கினார்.

சின்னக்கண்ணு வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு மேல் தங்கதுரைக்குத் தாங்கவில்லை.

“டேய் சின்னக்கண்ணு! என்ன வுட்டுட்டுப் பூட்டியேடா!” என்று மாலையும் கையுமாகப் படியேறினார்.

“நான் எங்கடா பூட்டன்? வாழ எல அறுக்கத்தான் கொல்லைக்குப் போனன்.”

திரும்பினால், புது வேட்டியும் தோளில் இலைக்கட்டுமாக சாட்சாத் சின்னக்கண்ணு! தங்கதுரை அவரைக் கட்டிக்கொண்டு, அழுகிறோமா சிரிக்கிறோமா என்று தெரியாமல் குலுங்கினார்.

விஷயம் தெரிந்ததும் சின்னக்கண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இன்னிக்கி எனக்கு அறுவது முடியுதுடா! மருமவ செஞ்ச வாழ்த்து அட்ட அது. உள்ள தொறந்து பாரு” என்று மேசை மேலிருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

திறந்ததும் மடித்து வெட்டிய காகித கேக் ஒன்று எழுந்து நின்றது. ‘மாமாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து’ என்று அதன் மேல் எழுதியிருந்தது. ஸ்டேட்டஸில் வெளிப்பக்கத்தை மட்டும்தான் போட்டிருந்தாள்.

பயம் தெளிந்ததும் தங்கதுரைக்குக் கோபம் பொங்கியது. பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மகள் வருவதைப் பார்த்தார். பேசக் கூடாது என்பதெல்லாம் எங்கே நினைவிருந்தது?

“ஏண்டி, இன்னா வேல பண்ணி வெச்சிருக்க? நல்ல நாளும் அதுவுமா கறுப்பு அட்டைலயா போட்டோ ஒட்டுவாங்க? படிச்சிப் படிச்சிச் சொல்லியிருக்கனே!”

அதற்குள் பேத்தி தாவி வந்து, அவர் கையிலிருந்த மாலையில் ஒரு ரோஜாவைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டாள். சின்னக்கண்ணு தானே கழுத்தை நீட்டி மிச்ச மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

“வுடுடா. சின்னப் பொண்ணு, தெரியாம வெச்சிடுச்சி” என்று மருமகளுக்குப் பரிந்து வந்தார்.

எழில்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“தெரிஞ்சிதான் வெச்சன் மாமா. மத்த கலருக்கெல்லாம் எங்கப்பா வரலியே!”