ஒரு மார்க் குறைவு

"வெண்டல், தயவு செஞ்சு என் வீட்டுக்காரருக்கு முதல் பரிசு கொடுத்துடாதீங்க."

ஆர்லீன் இப்படிச் சொன்னதும், அவள் வாங்கிக் கொடுத்த லெமனேட் வெண்டலுக்குப் புரையேறியது.

அயோவாவில் அந்த வட்டாரத்துப் பழைய கார் போட்டிக்கு வெகு காலமாக அவர்தான் நடுவர். மார்க் போடச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு. ஆப்பிள் பை சுட்டு வந்து காக்கா பிடித்தவர்களும் உண்டு. மார்க்கைக் குறைக்கச் சொல்லி, அதுவும் கட்டின புருஷனுக்கே குழி பறிக்க ஒரு பெண் வந்து நின்றது இதுதான் முதல் தடவை.

"நார்பர்ட் மேல அப்படி என்ன கோபம்?"

"கோபமா? அவர் மேலயா?" என்று ஆர்லீன் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

நார்பர்ட் ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். மாதத்தில் பாதி நாள் நெடுஞ்சாலையில்தான் குடித்தனம். ஓய்வு பெற்று வீட்டோடு வந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பேசிக்கொள்ள ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் அந்த ஐம்பத்தைந்தாம் வருஷத்துச் செவர்லே காரை வாங்கினார். பானெட்டைத் திறந்தால் என்ஜினைச் சுற்றி வயர்கள் குருவிக்கூடு மாதிரி கிடந்தன. அவர் ஒவ்வொரு வயராகப் பிரித்து, அந்தக் காலத்து வழக்கப்படி துணி டேப் சுற்றி, ஓரமாக ஒதுக்கிக் கட்டினார். பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தது ஆர்லீன். கை டார்ச் பிடித்தால் வாய் சும்மா இருக்குமா? இத்தனை வருஷம் பேசாமல் விட்டதை எல்லாம் பனிக்காலம் பூராவும் அந்த கராஜில் நின்று பேசினார்கள்.

"முதல் பரிசு வாங்கின வண்டியை அப்புறம் போட்டியில சேர்க்க மாட்டீங்க. காட்சிக்குன்னு ஓரமா நிறுத்திடுவீங்க. அவரும் கராஜைப் பூட்டிட்டு டி.வி.யைப் போட்டுடுவார். போன தடவையும் அதுக்கு முந்தின தடவையும் ஏதோ ரெண்டாம் பரிசோட தப்பிச்சோம். இந்த வருஷம் பாவி மனுஷன் ஒரு குறை வைக்கலையே."

"குறை இல்லாம நான் எப்படிம்மா குறைக்கிறது? பொய் மார்க் போட்டுப் பழக்கமில்ல."

"குறைதானே வேணும்?" ஆர்லீன் கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு பாக்கெட் கேபிள் டை. அந்தக் கார் பிறந்த காலத்தில் வயர் கட்டுகிற இந்தப் பிளாஸ்டிக் சமாசாரமே பிறக்கவில்லை. போட்டி வண்டியில் அது ஒன்று கண்ணில் பட்டாலும் ஒரு மார்க் போயிற்று.

வெண்டல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வண்டியில என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க். யார் வச்சாங்கன்னு நான் விசாரிக்கிறதில்ல."

மதியம் நார்பர்ட்டின் முறை வந்தது. பானெட்டைத் தூக்கியதும் வெண்டல் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு வயரும் வளைய வேண்டிய இடத்தில் மட்டும் வளைந்து, மற்றபடி கோடு கிழித்தாற்போல் ஓடியது. இதற்கு முழு மார்க் போடாவிட்டால் தான் நடுவரே இல்லை. போட்டாலோ, இரண்டு பேரை மறுபடி இரண்டு டி.வி. முன்னால் உட்கார வைத்த பாவம். நேர்மையானவர் என்று பேரெடுத்தது தப்பாகப் போயிற்றே என்று நொந்துகொண்டார்.

கனத்த மனசோடு அவர் பேனாவைத் திறந்தபோது நார்பர்ட் குறுக்கிட்டார்.

"டைனமோவுக்கு அடியில பார்த்தீங்களா? அங்கதான் ரொம்பக் கஷ்டப்பட்டுக் கட்டியிருக்கேன்."

பாவம், பெருமை தாங்கவில்லை மனுஷனுக்கு என்று நினைத்தபடி வெண்டல் கைக்கண்ணாடியை அடியில் நீட்டிப் பார்த்தார். துணி டேப்புக்கு நடுவே கறுப்பாக ஒரு கேபிள் டை பல்லை இளித்தது.

ஆர்லீன் காரியத்தை முடித்துவிட்டாள்! வெண்டல் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைச் சுட்டிக் காட்டினார். வேறு யாராவது என்றால் ஊரைக் கூட்டியிருப்பார்கள். நார்பர்ட் குனிந்து பார்த்து, "அட, ஆமாம். வயசாகுதில்ல" என்று தலையைச் சொறிந்ததோடு சரி.

ஒரு மார்க் குறைந்தது. ரெண்டாம் பரிசு.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் வெண்டல் ஆர்லீனை ஓரமாகக் கூப்பிட்டார். "கெட்டிக்காரிதான் நீங்க. அவ்வளவு ஆழத்துல எப்படிக் கையை விட்டீங்க?"

ஆர்லீன் முழித்தாள். "நான் எங்க விட்டேன்? காலையிலேர்ந்து அவர் துணியும் கையுமா வண்டியை விட்டு நகரவே இல்ல. கிட்டயே போக முடியல. நம்ம அதிர்ஷ்டம், நீங்களே ஏதோ கண்டுபிடிச்சீங்கன்னு இருந்தேன்."

கைப்பையைத் திறந்தாள். பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ரெண்டாம் பரிசு ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொண்டு, விசிலடித்தபடி பானெட்டை மூடிக்கொண்டிருந்தார் நார்பர்ட்.

"இந்தத் தடவையும் போச்சு, ஆர்லீன்," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "மறுபடி முதல்லேர்ந்து எல்லாத்தையும் பிரிக்கணும். போற வழியில கடையில நிறுத்தறேன், டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கிடு."